சேற்றுக்கு மேலே இருந்த நட்டு

குப்பண்ணன் தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு ஆயில் இன்ஜினைக் கிளப்பி எடுத்துவிடுகிறவன் கந்தப்பன். குப்பண்ணனின் கூடப்பிறந்த தம்பி. இடது முட்டி மடங்காது. காலை அரைவட்டமாக வீசிப் போட்டுத்தான் நடப்பான். நாற்பது வயதாகியும் கல்யாணமில்லை. படுக்கை மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாளைக் கொட்டகையில். சாப்பாடும் அங்கேதான். அண்ணன் பெண்டாட்டி நாச்சம்மாள் வட்டிலைத் தொழுவத்துப் படியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்வாள்.

"கொலகாரனுக்குச் சோறு வெச்சிருக்குது."

அவள் அதைச் சொல்லத் தொடங்கி 1974ஆம் வருஷம் ஆனி மாதத்தோடு பதினோரு வருஷம் முடிந்திருந்தது. ஆரம்பத்தில் அழுதுகொண்டே சொன்னாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இப்போது மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்கிற குரலில் சொல்கிறாள். மீனாட்சிபுரத்தில் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்கள் யாரும் மிச்சமில்லை.

நடந்தது ஊருக்கே தெரியும். அறுபத்துமூன்று ஆடியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், குப்பண்ணனின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் அவருடைய சின்ன மகள் காளியாத்தாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கந்தப்பன் நோம்பிக்கு வளையல் வாங்கப் போனான். பிள்ளைக்கு ஆறு வயது. வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான். வண்டி சுழன்று விழுந்தது. பிள்ளையின் தலை பாலத்துக் கைப்பிடிக் கல்லில் மோதியது. கந்தப்பன் முட்டி உடைந்து வண்டியோடு வாய்க்கால் சேற்றுக்குள் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான். "பொறகால சக்கரம் தானாப் பூட்டிக்கிச்சு."

குப்பண்ணன் ஊராரிடம் சொன்னது வேறு. "அன்னிக்குக் காலைல நானே பொறகால சக்கரத்தக் கழட்டி, பிரேக்கு பாத்துப் பூட்டிக் குடுத்தேன். என்ற கையில பூட்டுனது பூட்டிக்குமா? கள்ளு குடிச்சுப்போட்டு ஓட்டியிருப்பான்."

குப்பண்ணன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற மனுஷன். இன்ஜினை இன்ஜினிடமே படித்தவர். பெருமாட்டி வட்டாரத்தில் எவன் தோட்டத்து இன்ஜின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்வார். வண்டி பார்க்க வந்த அதிகாரியும் மிதிக்கட்டையை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிரேக்கில் பழுதில்லை என்று எழுதினார். கந்தப்பனுக்கு ஆறு மாதம் ஜெயில். பேசிவைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். ஜெயிலிலிருந்து வந்தவனை அண்ணன் தோட்டத்துக்குள் விட்டார். கால் போனவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்று ஊர் அவரை மெச்சியது. வண்டி விபத்தன்றைக்குச் சாளையின் உள்ளறைக்குள் போனதுதான். பூட்டுச் சாவி குப்பண்ணனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

முதல் இரண்டு வருஷம் கந்தப்பனுக்குத் தன் காலில் உறுதியிருந்தது. அளவாகத்தான் மிதித்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு சந்தேகம் வந்தது. அதிகமாக மிதித்துவிட்டேனோ? தினமும் இரண்டு வேளை ஒரே வார்த்தையைக் கேட்டுச் சாப்பிடுகிறவன் எத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பான்? ஆறாவது வருஷத்தில் ஒருநாள் வட்டிலை எடுக்கும்போது, ஆமாம், நான்தான் கொன்றேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகு சோறு கொஞ்சம் சுலபமாக இறங்கியது.

அந்த ஆனியில் மூத்தவள் கமலாத்தாளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. கோபாலபுரத்துப் பக்கம், பெயர் ஈஸ்வரமூர்த்தி, பால் சொசைட்டியில் வேலை. நிச்சயம் பேச வந்த அவன் அப்பா ஆறுமுகசாமி மோர் குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பையன் தெனமும் எட்டு மைலு போயி வரோணும். புது வண்டிக்குப் பதிஞ்சு வெச்சா வாரதுக்குள்ள அவனுக்குப் பேரனே பொறந்துருவான். உங்க சாளையில ஒண்ணு கெடக்குதாமல்ல?"

குப்பண்ணன் தரையைப் பார்த்தார். "அதுல ஒரு காரியம் ஆகிப்போச்சுங்க சம்பந்தி."

"கேள்விப்பட்டேன். அது வண்டி பண்ணுனதில்லீங்களே. ஓட்டுனவன் பண்ணுனது."

கதவோரம் நின்ற நாச்சம்மாள் சொன்னாள். "அதானுங்க. வண்டி மேல என்ன தப்பு?"

வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த கந்தப்பனுக்கு எல்லாம் கேட்டது. மாப்பிள்ளைப் பையன் திரும்பி அவன் காலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் குப்பண்ணன் சாவியைக் கொண்டுவந்து தம்பி முன்னால் போட்டார். அவருக்குக் கண்ணில் படலம் விழ ஆரம்பித்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆளும் மாடும் ஒன்றாகத் தெரிந்தன.

"எனக்குக் கண்ணு ஆகறதில்ல. நீதான் பண்ணோணும். ஆவணியில கல்யாணம்."

"நானாங்ணா?"

"வேற ஆரு? நாலு ஊரு மெக்கானிக்க வரச்சொல்லி, எம்புள்ள செத்த கதையச் சொல்லிக்கிட்டிருக்கவா? இன்ஜின மட்டும் பாரு. பொறகால சக்கரத்துல கைய வெக்காத. எம்புள்ள ரத்தம் பட்ட எடம் அது. அத நானே பாத்துக்குவேன்."

கந்தப்பன் தலையாட்டினான்.

அறையைத் திறந்தபோது எலிப்புழுக்கை நாற்றம் முகத்தில் அடித்தது. வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டயர்கள் இரண்டும் வெடித்து நார்நாராகப் பிரிந்திருந்தன. புகைக்குழாய் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. முன்பக்கம் துரு. பின்பக்கம் முழுக்க வாய்க்கால் சேறு. அந்த ஊர் மண் கரிசல். ஈரமாக இருந்தால் பசை, காய்ந்தால் சிமெண்ட். பதினோரு வருஷத்துச் சேறு சக்கரத்தின் மேல் பூச்சு வேலை போலப் படிந்திருந்தது.

வண்டியை வெளியே உருட்ட முடியவில்லை. கிக்கர் இறங்கவில்லை. உள்ளே பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்கள் உண்டு. தட்டினால் பிஸ்டன் உடையும். கந்தப்பன் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி மூடினான். தினமும் காலையிலும் சாயங்காலமும் கிக்கரில் கையை வைத்து உடம்புப் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தான். ஒன்பதாம் நாள் ஒரு நூல் அசைந்தது. பதினோராம் நாள் முழுசாக ஒரு சுற்று இறங்கியது. அன்றைக்கு அவன் கையைக் கழுவாமல் சும்மா உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. டாங்கியில் மண்ணெண்ணெயும் இரண்டு பிடி கூழாங்கல்லும் போட்டு, சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தான். ஒட்டிப்போன கிளச் தட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். செயினைக் கிரீசில் வேகவைத்துத் தொங்கவிட்டான். ஸ்பானருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து ஆயில் இன்ஜினும் சீமைச் சரக்கு என்பதால் அதன் ஸ்பானர்களே இதற்கும் சேர்ந்தன.

கமலாத்தாள் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். சித்தப்பா என்று அவள் கூப்பிட்டு நிறுத்தியபோது அவளுக்கு ஒன்பது வயது.

"ஓடுமா?"

"ஓடும் கண்ணு."

"கண்ணு கிண்ணுங்காத. கருப்புப் பெயிண்ட் அடிக்கோணுமாம். அவுங்க ஊட்ல சொன்னாங்க."

நாச்சம்மாளும் சாணி எடுக்கப் போகிற வழியில் நின்று பார்ப்பாள். "நல்லாப் பண்ணு. இன்னொருத்திய ஏத்தி அனுப்போணுமல்ல."

ஆடி பிறந்து நாலாம் நாள் வண்டி கிளம்பியது. முதலில் ஒரு வெடி, பிறகு வெள்ளைப் புகை, பிறகு அந்தப் பழைய நிதானமான துடிப்பு. தோட்டத்துக்குள்ளிருந்து குப்பண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வால்வு கொஞ்சம் இறுக்கமா இருக்குது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சொன்னதும் சரியாக இருந்தது.

ஓடுகிற வண்டி நிற்கவும் வேண்டும். கந்தப்பனுக்கு அந்த நினைப்பு வந்த பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அண்ணன் பின்சக்கரத்தைப் பார்க்கிறேன் என்றார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போதும் அந்தப் பக்கம் வரவில்லை. கண் தெரியாத மனுஷன் எப்போது வந்து எப்படிப் பார்ப்பார்? இந்த சீட்டில் கமலாத்தாள் உட்காரப் போகிறாள். குப்பண்ணன் பத்திரிகை வைக்கச் சித்தூர்ப் பக்கம் இரண்டு நாள் போனபோது, கந்தப்பன் வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான்.

பின்பிரேக்கின் கட்டைகள் ஒரு வட்டத் தட்டில் இருக்கும். மிதித்தவுடன் அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் சட்டத்தோடு பிடித்துவைப்பது ஒரு சாண் நீள இரும்புப் பட்டை. பட்டையின் நுனியில் ஒரு போல்ட்டு, அதில் ஒரு நட்டு, நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே ஒரு பின்னு. பட்டை விடுபட்டால் மிதித்த வேகத்தில் தட்டு சுழலும், சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

சேற்றைத் திருப்புளியால் செதுக்கிச் செதுக்கி எடுத்தான். பிரேக் கம்பி தெரிந்தது. வளைந்ததை யாரோ சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தழும்பு அதில் இருந்தது. பட்டை இருந்தது. நட்டும் பின்னும் இருந்தன. பரவாயில்லை என்று பின்னைக் குறடால் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, ஸ்பானரைப் போட்டுத் திருகினான். நட்டு கழன்று வந்தது. நட்டுக்கும் பட்டைக்கும் நடுவில், அப்பளம் போல மெல்லியதாக, கரிசல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

கந்தப்பன் அதை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். நட்டைத் திருப்பிப் பார்த்தான். மரை நெடுகச் சேறு. வண்டி வாய்க்காலில் விழுந்தபோது நட்டு தன் இடத்தில் இருந்திருந்தால் அதன் அடியில் சேறு எப்படிப் போகும்? சேறு முதலில் வந்தது. நட்டு பிறகு வந்தது.

கீழே போட்ட பின்னை எடுத்துப் பார்த்தான். விரல் நகமளவுதான் இருந்தது. கால்களைப் பாதியில் வெட்டி, வெளியே தெரிகிற தலையை மட்டும் ஓட்டையில் செருகியிருந்தார்கள். முழுப் பின்னு ஏன் போகவில்லை என்று ஆணி வைத்துக் குத்திப் பார்த்தான். போல்ட்டு ஓட்டைக்குள் ஒரு துண்டு செம்புக் கம்பி, இரண்டு பக்கமும் அறுந்து, பச்சைக் களிம்பேறி அடைத்துக்கொண்டிருந்தது.

அது அண்ணனுடைய கை. அந்த வட்டாரத்தில் எந்த மோட்டார் சாளைக்குப் போனாலும் எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி ஆணியில் சுருளாகத் தொங்கும். பின்னு தொலைந்தால் கம்பியைக் கோத்து மூன்று முறுக்கு முறுக்கிவிடுவார்கள். சிமெண்ட் மேடையில் உட்கார்ந்த இன்ஜினுக்கு அது இருபது வருஷம் வரும். ரோட்டில் குதிக்கிற வண்டிக்கு அது ஒருநாள்கூட வராது என்பது மேடை இன்ஜினிலேயே பழகிய ஒரு கைக்குத் தெரியாது. அன்று காலையில் கம்பி கட்டினார். மத்தியானம் கம்பி அறுந்தது, நட்டு விழுந்தது, பட்டை விடுபட்டது.

இன்னொன்றும் கந்தப்பனுக்குக் கணக்காயிற்று. பிள்ளையை வாசலில் கிடத்தி ஊரே அழுதுகொண்டிருந்தபோது, குப்பண்ணன் மாட்டுவண்டி பூட்டிப் போய் மோட்டார் சைக்கிளை எடுத்துவந்து, ஒரு மணி நேரம் சாளைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாராம். மகள் போன துக்கத்தில் பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஈரச் சேற்றின் மேல் நட்டைத் திருகவும், கம்பியை நிமிர்த்தவும், பின்னை வெட்டிச் செருகவும் ஒரு மணி நேரம் தாராளம்.

அழுகை வரவில்லை. பசித்தது. பதினோரு வருஷத்தில் இல்லாத பசி. மிச்சமிருந்த பழையதைத் தின்றான். தீர்ந்த பிறகும் வட்டிலைச் சுரண்டினான். பிறகு சேற்றுத் துண்டையும் வெட்டிய பின்னையும் செம்புக் கம்பியையும் ஒரு தீப்பெட்டியில் வைத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டான். ஊருக்குத் தெரிய வேண்டாம். கோர்ட்டுக்கு வேண்டாம். நாச்சம்மாளுக்குத் தெரிந்தால் போதும். பெற்றவள் ஒருத்தி, நீ இல்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

அன்று சாயங்காலமே சமையலறைப் பக்கம் போனான்.

"நங்கையா, ஒண்ணு காட்டோணுங்க." அண்ணன் பெண்டாட்டியை அங்கே நங்கை என்பார்கள்.

அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "படி தாண்டாத. கல்யாண ஊடு."

திரும்பி வந்துவிட்டான்.

பாலக்காட்டுக்குப் பஸ் ஏறி, சைனுதீனின் மோட்டார் சாமான் கடையில் பட்டைக்குப் புது போல்ட்டும் நட்டும் பின்னும் கேட்டான். டயரும் பிளக்கும் முன்பே அங்கேதான் வாங்கியிருந்தான். சைனுதீன் தாடியைத் தடவிச் சிரித்தார்.

"மீனாட்சிபுரத்திலிருந்து பின்னு வாங்க வந்த மொத ஆளு நீங்கதான். உங்க அண்ணன் இருவது வருசமா வாராரு, இன்னி வரைக்கும் ஒரு பின்னு வாங்குனதில்ல. கம்பி இருக்கையில பின்னு எதுக்கும்பாரு. ஒரே ஒரு தடவ, என்னமோ ஆத்திர அவசரமா வந்து ஒரு போல்ட்டு கேட்டாரு. அதுவும் அளவு சேரலைன்னு திருப்பிக் குடுத்துட்டாரு."

"எப்பங்க அது?"

"அது ஆகியிருக்கும், பத்து வருசத்துக்கு மேல. உங்களுக்கு வேலை நல்லா வருது, கந்தப்பண்ணே. அங்க கெடந்து என்ன பண்றீங்க? இங்க வந்துருங்க. பொறகால ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்குது."

கந்தப்பன் பின்னை வாங்கிக்கொண்டு வந்தான். புது போல்ட்டு போட்டு, நட்டை இறுக்கி, பின்னின் இரண்டு கால்களையும் பிரித்து மடக்கினான். பிறகு அதன் மேல் பழைய சேற்றைக் குழைத்துப் பூசிக் காயவைத்தான். பார்க்கிறவர்களுக்குப் பின்சக்கரம் தொடாதது போலவே இருந்தது. அண்ணன் வந்து பார்ப்பார், கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தான். குப்பண்ணன் ஒரு தடவை வந்தார். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். சேறு தட்டுப்பட்டது. எழுந்து போய்விட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வண்டியைப் பார்த்து எடுத்துப்போக வந்தார்கள். வீட்டில் கறி விருந்து. கருப்புப் பெயிண்டில் வண்டி வெயிலில் மின்னியது. ஈஸ்வரமூர்த்தி ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்து, "புதுசாட்டவே இருக்குதே" என்றான். "பொறகால மட்டும் ஏன் சேறு?"

"அது கழுவிக்கலாம் மாப்ள," என்றார் குப்பண்ணன்.

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினான். அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். கந்தப்பன் வண்டியைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெட்டிய பின்னும் சேற்றில் உட்கார்ந்த நட்டும்தான் அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், வருங்கால மருமகன் அதில் ஏறி வாய்க்கால் பக்கம் போவதை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டார். அவ்வளவுதான்.

கால்மணி நேரத்தில் வண்டி முழுசாகத் திரும்பி வந்தது. ஆறுமுகசாமி சிரித்துக்கொண்டே இறங்கினார். "குதிர மாதிரிப் போகுது சம்பந்தி." எல்லோரும் கைகழுவ உள்ளே போனார்கள். வாசலில் அண்ணனும் தம்பியும், இலை நறுக்கிக்கொண்டிருந்த நாச்சம்மாளும் மட்டும் இருந்தார்கள்.

"அண்ணா," என்றான் கந்தப்பன். "உங்க வண்டி இது. குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவ நீங்க உக்காருங்க. நான் ஓட்டறேன். பாலம் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

"எனக்கெதுக்குடா?"

"சும்மா உக்காருங்ணா. பாலத்து எறக்கத்துல ஒரு மிதி மிதிச்சுக் காட்டறேன்."

குப்பண்ணன் ஒரு அடி பின்னால் போனார். "வேண்டாம்."

"மாப்ள போயிட்டு வந்துட்டாரே."

"நீ..." குப்பண்ணன் பின்சக்கரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "பட்டையில புதுப் பின்னு போட்டயா?"

நாச்சம்மாளின் அரிவாள்மனை நின்றது.

"எந்தப் பின்னுங்ணா?" என்றான் கந்தப்பன். "பொறகால சக்கரத்துல கைய வெக்காதீன்னீங்க. அதுல பின்னு இல்லீன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மாப்ள ஏறும்போது கேக்கலயே. நாளைக்கு கமலாத்தா ஏறுவா, அதுக்கும் கேக்கல. உங்கள ஏறச் சொன்னாத்தான் கேக்கறீங்க."

கந்தப்பன் தீப்பெட்டியை எடுத்து நாச்சம்மாள் முன்னால் தரையில் வைத்துத் திறந்தான். சேறு எப்படி வந்தது, நட்டு எப்போது வந்தது, கம்பி யார் கட்டியது என்று நிதானமாக, இன்ஜின் பழுது சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு நின்றான். பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தைக்காக நின்றான்.

நாச்சம்மாள் தீப்பெட்டியைப் பார்த்தாள். அதை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னங்க?"

"அன்னிக்குச் சாளைக்குள்ள இருந்து வந்தவரு கையெல்லாம் சேறு. என்னன்னு கேட்டேன். சொன்னாரு. புள்ளையும் போயி, புருசனையும் ஜெயிலுக்குத் தாட்டி உட்டுப்போட்டு நான் என்ன பண்றது? கமலாத்தாளுக்கு அப்ப ஒம்பது வயசு. நாலு ஏக்கரு கடலை வயல்ல நிக்குது. உனக்கு ஆரு இருந்தா? ஒண்டிக்கட்ட."

"தெரிஞ்சுமா தெனமும் அந்தப் பேச்சுச் சொன்னீங்க?"

"சொல்லாம இருந்தா நாஞ் செத்திருப்பேன். ஆரையாச்சும் சொல்லோணுமல்ல. சொல்லச் சொல்ல அதே நெசமாயிருச்சு." அவள் மறுபடி இலையை எடுத்தாள். "இப்பவும் எனக்கு நீதான். கம்பிய ஆரு கட்டுனா என்ன, அவ உம் பொறகாலதான உக்காந்திருந்தா. ஒறம்பரச் சனம் உள்ள இருக்குது. மெதுவாப் பேசு."

உள்ளேயிருந்து ஆறுமுகசாமி குரல் கொடுத்தார். "வண்டி பண்ணுன ஆளு எங்க? பந்தியில உக்காரச் சொல்லுங்க சம்பந்தி. நம்ம பையன் பொழப்புக்கே வழி பண்ணியிருக்கறாரு."

கந்தப்பன் பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போய்ப் பந்தியில் உட்கார்ந்தான். முட்டி மடங்காததால் காலைப் பக்கத்து இலை வரைக்கும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. நாச்சம்மாள் வரிசையாகப் பரிமாறிக்கொண்டே வந்தாள். அவன் இலை முன்னால் குனிந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"இன்னுங் கொஞ்சம் கறி போடட்டுங்களா கொழுந்தனாரே? கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

அதில் ஒரு துளி நடிப்புக்கூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கந்தப்பனுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. கொலகாரன் என்கிற வார்த்தை அவள் வயிற்றிலிருந்து வருகிறது, பிள்ளையைப் பறிகொடுத்த வயிறு, அதனால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இத்தனை வருஷமும் இருந்தான். அவளுக்கு இரண்டு வார்த்தையும் ஒரே கரண்டியில்தான் வருகின்றன. கறியைப் பிசைந்தான். தொண்டையில் இறங்கவில்லை. மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு வேட்டியையும் சொந்தமாகச் சேர்த்த ஸ்பானர்களையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். குப்பண்ணன் வரப்பில் எதிரே வந்தார். ஆள் யாரென்று கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. காலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"எங்கடா போற?"

"போறனுங்ணா."

"கடலைக்குத் தண்ணி கட்டோணுமேடா. இன்ஜின ஆரு எடுத்து உடுவா?"

கந்தப்பன் நிற்கவில்லை. பஸ் ஏறிப் பாலக்காட்டில் இறங்கி சைனுதீன் கடைக்குப் போனான். கடையின் பின்னறையில் அன்றைக்கே ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டான்.

அங்கே வேலை நன்றாகவே போயிற்று. சைனுதீன் மரியாதையான மனுஷர். காலையும் சாயங்காலமும் வீட்டிலிருந்து அவருடைய சின்ன மகள் கைருன்னிசா, ஏழு வயதுப் பிள்ளை, தேநீர் கொண்டுவருவாள். பித்தளை டம்ளரைத் துண்டில் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடப்பதிலேயே கண்ணாக வருவாள். வைத்துவிட்டு உடனே போகமாட்டாள். இது என்ன, அது எதுக்கு என்று ஒவ்வொரு சாமானாகக் கேட்பாள். கந்தப்பன் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லுவான். ஒருநாள் பால்ரஸ் இரும்புக் குண்டு ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்தான். அதைக் கண்ணாடி போல வைத்து முகம் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

கல்யாணத்துக்குச் சைனுதீனுக்கும் பத்திரிகை வந்திருந்தது. பழைய வியாபாரப் பழக்கம். போய்விட்டு மறுநாள் கடைக்கு வந்தார். கந்தப்பன் பின்னறையில் கார்புரேட்டர் ஊதிக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் ஜோரா நடந்துது," என்றார். "மாப்ளையும் பொண்ணும் அந்த வண்டிலதான் போனாங்க. பாலத்து எறக்கத்துல நிறுத்திக் கும்பிட்டுட்டுப் போனாங்க. பிரேக்கு நல்லாப் புடிக்குதாம்."

"சரிங்க."

சைனுதீன் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். "சித்தப்பன்காரன் எங்கேன்னு மாப்ள ஊட்டுக்காரரு கேட்டாரு. உங்க அண்ணன் சம்சாரம் மணமேடைக்குப் பக்கத்துலயே அழுதுருச்சு. அந்த மொகத்த வெச்சுக்கிட்டு இன்னொரு புள்ள கல்யாணத்துல எப்படி நிப்பாரு, மனசு கேக்காம ஓடிப்போயிட்டாருன்னு சொல்லுச்சு. பதினோரு வருசம் சோறு போட்டவங்களாச்சேன்னு எல்லாருக்குமே கண்ணு கலங்கிப்போச்சு. வண்டி ஓட்டி ஒரு புள்ள போச்சுன்னு எனக்கு அரசல்புரசலாத் தெரியும். இவ்வளவு தெரியாது." அவர் தொண்டையைச் செருமினார். "நெசமாங்களா கந்தப்பண்ணே? அன்னிக்குக் குடிச்சிருந்தீங்களா?"

கந்தப்பன் கார்புரேட்டரைக் கீழே வைத்தான். இடுப்பில் தீப்பெட்டி இருந்தது. எடுத்துத் திறந்து காட்டினால் மோட்டார் சாமான் விற்கிற மனுஷருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். பெற்றவளுக்கும் அது ஒரு நிமிஷத்தில்தான் விளங்கியிருந்தது.

"இல்லீங்க," என்றான்.

"சரி, சரி. மனசுல வெச்சுக்காதீங்க. கேட்டேன், அவ்வளவுதான்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேநீர் வந்தது. டம்ளரைச் சைனுதீனே கொண்டுவந்தார். சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, என்றைக்கும் திறந்தே கிடக்கும் நடுக்கதவைச் சாத்திக்கொண்டு போனார்.